நீலகிரி மலை ரயில்: குன்னூர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு பாதை

நீலகிரி மலை ரயில், கோவை மாவட்டத்தின் மேட்டுப்பாளையத்தையும் நீலகிரி மாவட்டத்தின் உதகமண்டலத்தையும் இணைக்கும் மீட்டர் பாதை. நீளம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,203 மீட்டரில் முடிகிறது. இந்தியாவில் பல்சக்கர முறையில் இயங்கும் ஒரே ரயில்பாதை இதுவே. குன்னூர் வரையிலான ஏற்றம் முழுவதும் குன்னூர் ஆறு அறுத்த ஆழமான பள்ளத்தாக்கின் சரிவில் அமைந்திருப்பது இதன் தனிச்சிறப்பு. பாதையின் வளைவும் செங்குத்தும், எஞ்சினின் வடிவமும், மழைக்காலச் சேதமும் அந்தப் பள்ளத்தாக்கு விதித்தவையே.

நில அமைப்பு

குன்னூர் ஆறு குன்னூர் நகரைக் கடந்ததும் காட்டேரி ஆற்றின் நீரையும் சேர்த்துக்கொண்டு சமவெளியை நோக்கி வேகமாக இறங்குகிறது. லாஸ் அருவி இவ்வழியில் உள்ளது. பின்னர் மேட்டுப்பாளையம் அருகே அதன் நீர் பவானியை அடைகிறது. பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பர்லியாறு வழியாகச் செல்லும் மலைச்சாலை. மறுபக்கச் சரிவில் ரயில்பாதை. மேட்டுப்பாளையத்தை விட்டதும் பவானி ஆற்றுப் பாலத்தைக் கடக்கும் வண்டி, கல்லாறு வரை சமதளத்தில் ஓடுகிறது. அங்கிருந்து குன்னூருக்கு 20 கிலோமீட்டர்தான். அதற்குள் ஏறவேண்டிய உயரமோ சுமார் 1,300 மீட்டர். மொத்தப் பாதையில் 250 பாலங்கள், 16 குகைகள், 208 வளைவுகள் உள்ளன.

வரலாறு

மலைக்கு ரயில் அமைக்கும் திட்டம் 1854-இலேயே முன்வைக்கப்பட்டது. மலையின் கடினத்தாலும் பணமுடையாலும் பணி பலமுறை தள்ளிப்போனது. 1891-இல் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு பணியைத் தொடங்கிவைத்தார். பொறுப்பேற்ற நிறுவனம் சில ஆண்டுகளில் நொடித்துப்போனதால், புதிய நிறுவனம் ஒன்று பணியைத் தொடர்ந்தது. 1899 ஜூனில் குன்னூர் வரை வண்டி ஓடியது. 1908 அக்டோபரில் பாதை உதகமண்டலத்தை எட்டியது. 2005 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1999-இல் அந்தத் தகுதி பெற்ற டார்ஜிலிங் பாதையுடன் இது சேர்க்கப்பட்டது. 2008-இல் கால்கா–சிம்லா பாதையும் இணைந்தது.

இயங்கும் முறை

டார்ஜிலிங் பாதை சுழல்வளைவுகளாலும் முன்பின்னாக மாறிச்செல்லும் தடங்களாலும் மலை ஏறுகிறது. இலங்கை மலையகத்தில் பதுளை செல்லும் பாதை, தெமோதரையில் தன்னையே சுற்றிக் குகைக்குள் நுழைந்து உயரத்தைச் சமாளிக்கிறது. குன்னூர்ப் பள்ளத்தாக்கின் குறுகிய சரிவில் அப்படிச் சுற்றிவர இடம் குறைவு. ஆகவே 12 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் நேராக ஏறவேண்டியதாயிற்று. அந்தச் செங்குத்தில் சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். இதற்குத் தீர்வு, சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த பல்சக்கர முறை. தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஒன்றின் பல் மற்றொன்றின் இடைவெளிக்கு நேராக அமைவதால், எஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் பிடி விடுவதில்லை.

இப்பாதையின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களைச் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலை செய்துகொடுத்தது. இவற்றில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. இரண்டு சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன. அவற்றில் வேலை செய்து வெளிவரும் நீராவியைக் கொண்டே மற்ற இரண்டும் பல்சக்கரங்களைச் சுழற்றுகின்றன. ஏறும்போது எஞ்சின் எப்போதும் பின்னாலிருந்து தள்ளும். பெட்டிகள் கழன்றாலும் உருண்டோடிவிடாமல் அது தாங்கும். ஒவ்வொரு பெட்டியிலும் நின்று கை பிரேக்கை இயக்கும் பிரேக்ஸ்மேன்களின் கவனமே வண்டியின் இன்னொரு காவல். பல்சக்கரப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் இதே வகையில் புதிய எஞ்சின்களை உருவாக்கியிருப்பது தமிழகத் தொழிலாளர் திறமைக்குப் பெருமைமிக்க சான்று.

பயணம்

சென்னை சென்ட்ரலில் இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால், காலையில் மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலைப் பிடிக்கலாம். மேலே செல்ல ஐந்து மணி நேரம் வரை ஆகும். இறங்க அதைவிடக் குறைவு. கல்லாற்றில் அரசுப் பழப்பண்ணையும் பாக்குத் தோப்புகளும் தெரியும். அடுத்து அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி சாலை நிலையங்கள் வருகின்றன. எஞ்சின் தண்ணீர் நிரப்ப நிற்கும் ஹில்குரோவில் பயணிகளும் இறங்கித் தேநீர் குடிப்பது வழக்கம். ஒவ்வொரு குகையைத் தாண்டியதும் பள்ளத்தாக்கின் ஆழம் வேறொரு கோணத்தில் விரியும். குன்னூரில் நீராவி எஞ்சின் விடைபெற, டீசல் எஞ்சின் வண்டியை வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியே உதகைக்கு இட்டுச்செல்கிறது. பாலுமகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982) படத்தின் இறுதிக்காட்சி கேத்தி நிலையத்தில் எடுக்கப்பட்டது.

சூழலும் பராமரிப்பும்

கல்லாறு யானைகளின் வலசைப்பாதை. தண்டவாளத்தில் யானைக்கூட்டம் நின்றால் வண்டி காத்திருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செங்குத்துச் சரிவில் மண்ணும் பாறையும் பாதையில் விழுவது வழக்கம். 2009 நவம்பர் பெருமழைக்குப் பிறகு சேவை மாதக்கணக்கில் நின்றது. எனவே மழைக்காலத்தில் செல்வோர் புறப்படுமுன் வண்டி ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. சரிவின் காட்டைக் காப்பது யானைக்கும் ஆற்றுக்கும் மட்டுமல்ல, இந்தப் பாதைக்கும் அரண். பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குப்பியைக்கூடப் பள்ளத்தாக்கில் எறியாமலிருப்பது ஒவ்வொரு பயணியின் கடமை.