அத்திவாரக் கணக்கு பிறந்த கதை

இலங்கையின் வன்னியில் போருக்குப் பிறகு எழுந்த கல்வீடுகளில் அநேகம் ஆழமில்லாத அத்திவாரத்தில் நிற்பவை. இந்திய வீட்டுத்திட்டத்தில் குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய். சொந்தக்காரரே நின்று கட்டினார்கள். அந்தக் காசுக்குள் மண் பரிசோதனைக்கு எங்கே போவது? கிடங்கின் அடியில் அலவாங்கால் குத்திப் பார்த்து, தாங்கும் என்று மேசன் சொன்னால் கல் அடுக்கவேண்டியதுதான். எவ்வளவு தாங்கும் என்று கணக்காகச் சொல்ல உலகத்துக்கே வெகுகாலம் எடுத்தது.

1913 ஒக்டோபரில் கனடாவின் வின்னிபெக் அருகே, ட்ரான்ஸ்கோனாவில், புதிய தானியக் களஞ்சியமொன்றில் கோதுமை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கட்டடம் இறங்கத் தொடங்கி, ஒரு நாளளவில் சுமார் 27 பாகை சரிந்தது. கொங்கிறீட் நொறுங்கவில்லை, தோற்றது மண். சிறு தகடு வைத்துச் செய்த பரிசோதனைக்கு மேலேயிருந்த இறுகிய களி மட்டுமே அகப்பட்டிருந்தது. அகன்ற அத்திவாரத்தின் பாரமோ கீழே கிடந்த இளங்களிவரை போனது.

விடை வந்தது உலோக ஆராய்ச்சியிலிருந்து. ஜெர்மனியின் லுட்விக் பிராண்டில் 1920 இல், உலோகத்தில் கடினமான அச்சை அழுத்தினால் என்ன நடக்கும் என்று கணித்தார். அச்சின் கீழுள்ள பகுதி ஆப்புப்போல இறங்க, பக்கத்திலுள்ளது வளைந்து வழுக்கி மேலே பிதுங்குகிறது. மண்ணும் இப்படித்தான் தோற்கிறது. 1943 இல் கார்ல் டெர்சாகி இதை அத்திவாரச் சூத்திரமாக்கினார்: மண்ணின் ஒட்டுத்தன்மை, அத்திவார மட்டத்துக்கு மேலே பக்கத்தில் கிடக்கும் மண்ணின் பாரம், அத்திவாரத்தின் அகலம் என்று மூன்று கூறுகள்.

நடுக்கூறுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பக்கத்து மண் மேலிருந்து அழுத்துவதால்தான் கீழ்மண் பிதுங்காமல் நிற்கிறது. மணல் நிலத்தில் மாரியில் நிலத்தடித் தண்ணீர் நிலமட்டம்வரை ஏறினால் அந்த மண்ணின் பயன்படு பாரம் ஏறக்குறையப் பாதியாகிறது. தாங்குதிறனும் அப்படியே குறைகிறது. முருங்கன் பகுதிக் களியில் இந்தச் சூத்திரம் மட்டும் போதாது. அது நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும்.

ஆகவே அந்தப் பக்கத்து மண்ணைக் காப்பாற்றுங்கள்: வீடு கட்டி முடிந்த பிறகு சுவரை ஒட்டி மலக்குழியோ வாய்க்காலோ வெட்டாதீர்கள். கூரைத் தண்ணீர் அரித்த இடத்தை அடுத்த மாரிக்கு முன் நிரப்பி இறுக்கிவிடுங்கள்.