பச்சை உடம்பும் பத்தியச் சோறும்: சேலம், நாமக்கல் சமவெளியின் பசி வரலாறு

பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்று சொல்வது நம் ஊர் வழக்கம். பச்சை உடம்புக்குப் பத்தியம் வேண்டும். பூண்டும் மிளகும் தட்டிப் போட்ட ரசம், கருப்பட்டி சேர்த்த சுக்கு மருந்து, பால் சுரக்கக் கருவாட்டுக் குழம்பு, தெம்புக்கு நாட்டுக்கோழிச் சாறு. இன்று இதெல்லாம் 'பாட்டி வைத்தியம்' என்ற பெயரில் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: யார் வீட்டுப் பாட்டி?

கொங்குப் பகுதியில் நிலம் வைத்திருந்த குடும்பங்களில் பெண் முழுகாமல் இருந்தால் கட்டுச்சோற்று விருந்து நடக்கும். தாய்வீட்டிலிருந்து விதவிதமான சோறு கட்டி வரும். அதே ஊரில், அதே காட்டில் களை எடுத்த அருந்ததியர் பெண்ணும் முழுகாமல்தான் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் பண்ணையாள். கூலி கம்பாகவும் சோளமாகவும் ராகியாகவும் அளக்கப்பட்டது. பெண்ணுக்கு அளந்தது ஆணுக்கு அளந்ததைவிடக் குறைவு. அவள் வேலைக்குப் போகாத நாளில் அதுவும் இல்லை. பொழுது சாய்ந்ததும் பண்ணை வீடுகளின் வாசலில் நின்று வாங்கி வந்த பழைய சோறுதான் பல வீடுகளில் இராச் சாப்பாடு. பத்தியம் என்றால் வேண்டாததை ஒதுக்கிவிட்டு வேண்டியதைத் தின்பது. ஒதுக்குவதற்கே எதுவும் இல்லாத வீட்டில் பத்தியம் ஏது?

மசக்கைக்காரி மண் தின்பதை நாம் கண்டிருக்கிறோம். சங்க காலத்திலும் இது தெரிந்த செய்திதான். இரும்பொறை மரபுச் சேரன் ஒருவனைப் புகழும் புறநானூற்றின் 20ஆம் பாட்டு, அவன் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ண முடியாது, கர்ப்பிணிகள் விரும்பி உண்டால்தான் உண்டு என்ற பொருளில் பேசுகிறது. புலவருக்கு அது அரசனின் பெருமை. இன்றைய மருத்துவம் மண் தின்னும் ஆசையை இரும்புச்சத்துக் குறைவோடு சேர்த்துப் பார்க்கிறது. உழைக்கும் பெண்ணின் இரத்தசோகை அரசனின் புகழுக்கு உவமையாகிவிட்டது என்றுதான் நாம் அந்தப் பாட்டைப் படிக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சமவெளியின் பசிக்கு எழுதப்பட்ட கணக்கும் உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் மிகக் கடுமையாகத் தாக்கிய பகுதிகளில் சேலமும் ஒன்று. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் 19 லட்சத்துக்கும் மேல். 1881இல் ஏறத்தாழ 16 லட்சம். செத்தவர்கள் போக, பஞ்சம் பிழைக்க இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களும் உண்டு. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 450 கிராம் தானியமும் சில்லறைக் காசும். பெண்ணுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது போதாது, குறைந்தது 680 கிராம் தானியமும் அதோடு காய்கறியும் புரதமும் வேண்டும் என்று வாதாடினார். இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டியவளுக்கு ஒற்றை ஆணைவிடக் குறைவாக அளந்த அந்தக் கணக்கு, பண்ணைக் களத்திலும் அரசு முகாமிலும் ஒன்றாகவே இருந்தது.

பிறகு நம் பெண்கள் எதைத் தின்று பிழைத்தார்கள்? வரப்பில் கிடைத்த கீரை, வயல் நண்டு, நத்தை, வெள்ளெலி, குச்சிக்கிழங்கு, மாட்டுக்கறி, கறி மிஞ்சினால் உப்புக்கண்டம். இரத்தம் ஊறச் சுவரொட்டி, ஈரல், இரத்தப் பொரியல். இறைச்சியில் உள்ள இரும்புச்சத்து கீரையில் உள்ளதைவிட எளிதாக உடம்பில் சேரும் என்பது இன்றைய சத்துணவு அறிவியல். ஆனால் பச்சை உடம்பைத் தேற்றிய இந்த உணவுக்குத்தான் 'இழிவு' என்று பெயர் வைத்தார்கள். செத்த மாட்டைத் தூக்கும் வேலையைக் கட்டாயமாகச் சுமத்தியவர்களே அந்தக் கறியைக் காட்டித் தீண்டாமையை நியாயப்படுத்தினார்கள். அந்தக் கட்டாயத்தை நாம் பெருமையாகப் பேசவில்லை. தனக்குப் பிடித்த, தன் உடம்புக்கு வேண்டிய கறியை மாட்டுக்கறி என்று சொல்லக் கூச்சப்பட்டு, நர்ஸ் கேட்டால் மறைக்கும் நிலை ஒரு கர்ப்பிணிக்கு ஏன் வர வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

பாட்டிமார் சொன்னதெல்லாம் சரி என்றும் நாம் சொல்லவில்லை. நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று வயிற்றைக் காயப்போடுவதும், பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பதும் தீங்கு. இல்லாமையே நாளடைவில் வழக்கமாகிவிட்டதோ என்று யோசிக்க வேண்டும்.

இதை உரிமையாகப் பேசியவர் அம்பேத்கர். 1928 ஜூலையில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது, அவள் உழைப்பில் இலாபம் பார்க்கும் முதலாளியும் அந்தச் செலவில் பங்கேற்க வேண்டும் என்பது அவர் வாதம். 1929இல் பம்பாயிலும் 1934இல் சென்னை மாகாணத்திலும் சட்டம் வந்தது. இரண்டும் ஆலைப் பெண்களுக்கு. களை எடுத்தவளுக்கும் கதிர் அறுத்தவளுக்கும் அதில் இடமில்லை.

அந்த இடைவெளியைப் பின்னாளில் அரசு ஓரளவு நிரப்பியது. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி சில நூறு ரூபாயில் தொடங்கி 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகம் சேர்த்து 18,000 ரூபாய் என்று உயர்ந்தது. இது போராடிக் காக்க வேண்டிய திட்டம். ஆனால் முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும், 19 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. சிறு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவளும் மூன்றாவது பிள்ளை சுமப்பவளும் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பெண்கள்தான். அதிகம் தேவைப்படுபவளே வெளியே நிற்கிறாள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை.

நாமக்கல்லில் நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகிறது. சத்துணவில் நம் பிள்ளைகளுக்கு முட்டை உண்டு. தெலங்கானாவில் 2015 முதல் 'ஆரோக்கிய லட்சுமி' திட்டத்திலும், கர்நாடகத்தில் 2017 முதல் 'மாத்ருபூர்ணா' திட்டத்திலும் கர்ப்பிணிகளுக்கு அங்கன்வாடியில் முட்டையோடு சூடான சாப்பாடு என்று அறிவித்துத் தொடங்கினார்கள். நம் அங்கன்வாடி கர்ப்பிணிகளுக்குத் தருவது சத்துமாவு. கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அடுக்கும் பெண் முழுகாமல் இருந்தால், அவளுக்கு ஒரு முட்டை கொடுப்பது இந்த மாவட்டத்துக்குப் பெரிய காரியமா?

தோழர்களே, உங்கள் தெருவிலிருந்து தொடங்குங்கள். பாட்டியிடம், அம்மாவிடம், அத்தையிடம் கேளுங்கள்: பிள்ளை பெற்ற பத்தாம் நாள் என்ன சாப்பிட்டீர்கள்? யார் கொடுத்தார்கள்? எத்தனாம் நாள் வேலைக்குப் போனீர்கள்? பதிலை அப்படியே எழுதி வையுங்கள். அடுத்த கிராம சபையில் அதை வாசித்துவிட்டு, அங்கன்வாடியில் தாய்க்கும் முட்டை வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள்.