வாடகை காருக்கு கிரெடிட் கார்டு இன்சூரன்ஸ் போதுமா? ஒரு சிறு வரலாறு



விடுமுறைக் காலம் வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் ஊர் சுற்றக் கிளம்புவார்கள். இங்கிருந்து அப்பா அம்மாக்கள் போய் இறங்குவார்கள். எல்லோரும் சேர்ந்து போக வாடகைக்கு ஒரு பெரிய வண்டி எடுப்பார்கள். போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், வாடகை கார் கவுன்டர்ல தினத்துக்கு இத்தனை டாலர்னு இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்றாங்க. என் கிரெடிட் கார்டுலயே அது இருக்கே, போதாதா?"

வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே வரும்! விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஓட்டும் அந்தக் காருக்கு, பெரும்பாலும் போதும். நீங்கள் யார் மீதாவது மோதிவிட்டால் அவருக்கு, ஒரு காசுகூட வராது. ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1918இல் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் என்ற இளைஞர் ஒரு டஜன் ஃபோர்டு 'மாடல் டி' கார்களை வைத்து வாடகைத் தொழில் தொடங்கினார். 1923இல் அதை ஜான் ஹெர்ட்ஸ் வாங்கினார். இன்றைய ஹெர்ட்ஸ் கம்பெனி அதுதான். 1946இல் வாரன் ஏவிஸ், டெட்ராய்ட் அருகே வில்லோ ரன் விமான நிலையத்தில் கடை போட்டார். விமானத்தில் இறங்கியவர் அங்கேயே கார் எடுத்துக்கொண்டு போகும் பழக்கம் இப்படி வளர்ந்தது.

முகம் தெரியாத ஆளிடம் ஒரு முழு காரைக் கொடுப்பதென்றால் நம்பிக்கை வேண்டுமல்லவா? அதற்குத் துணையாக வந்தது அட்டை. 1950இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப், 1958இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டை, அதே ஆண்டில் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் பாங்க் அமெரிகார்டு. இந்தக் கடைசி அட்டைதான் 1976இல் 'விசா' என்று பெயர் மாறியது. நாளடைவில் அட்டை இல்லாதவருக்கு வாடகை கார் கிடைப்பதே கடினம் என்ற நிலை வந்தது.

இனித்தான் நம் கேள்விக்கான இடம். முன்பெல்லாம் வாடகை காருக்குச் சேதம் வந்தால் வாடிக்கையாளர் ஒரு குறிப்பிட்ட சிறு தொகை வரை கட்டினால் போதும். 1980களில் கம்பெனிகள் இந்த வரம்பை உயர்த்திக்கொண்டே போய், கடைசியில் காரின் முழு விலைக்கும் நீங்களே பொறுப்பு என்றன. கூடவே, தினமும் இவ்வளவு கட்டினால் அந்தப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறோம் என்றும் சொன்னன. இதற்குப் பெயர் 'கொலிஷன் டேமேஜ் வெய்வர்', சுருக்கமாக சி.டி.டபிள்யூ. கவனியுங்கள், சட்டப்படி பார்த்தால் இது இன்சூரன்ஸே அல்ல. "என் காரை நீ இடித்தால் உன்னிடம் பணம் கேட்க மாட்டேன்" என்று வண்டிக்காரர் தரும் வாக்குறுதி.

இந்தக் கட்டணம் கொள்ளை என்று மக்கள் கொதித்தார்கள். நியூயார்க் மாநிலம் 1989இல் சி.டி.டபிள்யூ. விற்பதையே தடை செய்து, வாடிக்கையாளரின் பொறுப்பை 100 டாலருக்குள் கட்டியது. 2003இல்தான் அந்தத் தடை நீங்கியது. இதே 1980களின் பிற்பகுதியில் கார்டு கம்பெனிகள் நல்ல வாய்ப்பு என்று உள்ளே புகுந்தன. "கவுன்டரில் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். வாடகையை எங்கள் அட்டையில் போடுங்கள். காருக்குச் சேதம் வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றன.

ஆகவே கிரெடிட் கார்டு சலுகை சி.டி.டபிள்யூ.வுக்கு மாற்றாகப் பிறந்தது. சி.டி.டபிள்யூ. செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்யும். காருக்கு வரும் சேதம், கார் திருட்டு, இவ்வளவுதான். எதிரில் வந்தவரின் கால் முறிந்தால், அவர் வண்டி நொறுங்கினால், அதற்கு இந்தச் சலுகையில் இடமே இல்லை.

நம்மவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அதற்கும் வரலாற்றில் காரணம் உண்டு. பிரிட்டன் 1930ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் மூன்றாம் நபர் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது. அதே வழியில் இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. பிறகு 1988ஆம் ஆண்டுச் சட்டம், சாவுக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு வைக்காமல் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்றது. இங்கே அந்த இன்சூரன்ஸ் வண்டியோடு சேர்ந்தே வரும். அதனால் "வண்டின்னு இருந்தா இன்சூரன்ஸ் இருக்கும்" என்று நமக்குப் பழகிவிட்டது.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி. மாசசூசெட்ஸ் 1927இலேயே கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் நியூயார்க்கும் வட கரோலினாவும் பின்தொடர்ந்தன. கட்டாயம் என்றாலும் தொகை சிறியது. கலிபோர்னியாவில் 2024 முடியும் வரை, காயம்பட்ட ஒருவருக்குக் குறைந்தபட்சம் 15,000 டாலர் இன்சூரன்ஸ் இருந்தால் போதும். 2025இல்தான் அதை 30,000 ஆக்கினார்கள். அமெரிக்க மருத்துவமனைச் செலவு தெரிந்தவர்களுக்கு இந்தத் தொகை எத்தனை நாள் தாங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு மாற்றமும் நடந்தது. நியூயார்க் போன்ற சில மாநிலங்களில், ஓட்டியவர் செய்த தவறுக்கு வண்டியின் உரிமையாளரும் பொறுப்பு என்ற சட்டம் இருந்தது. அடிபட்டவர் வாடகைக் கம்பெனி மீதும் வழக்குப் போடலாம். 2005இல் அமெரிக்க நாடாளுமன்றம் 'கிரேவ்ஸ் திருத்தம்' என்ற சட்டத்தால் அதை நிறுத்தியது. கம்பெனி தானே தவறு செய்திருந்தால் ஒழிய, உரிமையாளர் என்பதற்காக மட்டும் அதன் மீது வழக்குப் போட முடியாது. பல மாநிலங்களில் கம்பெனி, சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தொகைக்குக் காப்பு தரும். அதற்கு மேல் வரும் கோரிக்கை ஓட்டியவரின் தலையில்தான் விழும்.

அங்கே சொந்தக் கார் வைத்து, நல்ல பாலிசியும் எடுத்திருப்பவருக்குக் கவலை குறைவு. அந்தப் பாலிசியின் பொறுப்புக் காப்பீடு, பொதுவாக அமெரிக்காவுக்குள் வாடகை காருக்கும் சேர்ந்து வரும். ஆபத்து யாருக்கு? சொந்தக் கார் இல்லாதவருக்கு. படிக்கப் போன பிள்ளை, வேலையில் சேர்ந்து சில மாதமே ஆனவர், நம் ஊர் லைசென்ஸை வைத்து ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் அப்பா. இவர்களுக்குப் பின்னால் வேறு பாலிசி எதுவும் கிடையாது. கார்டை மட்டும் நம்புவதும் இவர்கள்தான்.

காருக்கான சலுகையிலும் நிபந்தனைகள் உண்டு. வாடகை முழுவதையும் அதே அட்டையில் கட்டியிருக்க வேண்டும். கவுன்டரில் சி.டி.டபிள்யூ.வை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஓட்டுபவர் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பல அட்டைகளில் இது இரண்டாம் நிலைக் காப்புதான். உங்கள் சொந்தப் பாலிசி கொடுத்தது போக மிச்சத்தைத்தான் தரும். வீடு மாற்ற எடுக்கும் டிரக், பெரிய வேன், விலை உயர்ந்த சொகுசுக் கார், தனியாரிடம் ஆப் மூலம் எடுக்கும் கார் எல்லாம் பொதுவாக இதில் சேராது. வெளிநாட்டிலும் எல்லா இடத்திலும் செல்லாது. பல விசா அட்டைகள் அயர்லாந்து, இஸ்ரேல், ஜமைக்காவை நெடுங்காலமாக விலக்கியே வைத்திருக்கின்றன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஆஸ்திரேலியா, இத்தாலி, நியூசிலாந்தை விலக்கியது.

சலுகை என்பது கொடுப்பவர் நினைத்தால் நிறுத்தக்கூடியது என்பதையும் மறக்காதீர்கள். டிஸ்கவர் 2018இல் நிறுத்தியது. சிட்டி 2019இல் பெரும்பாலான அட்டைகளில் நிறுத்தியது. "போன தடவை இருந்ததே" என்று இருந்துவிடக் கூடாது.

அதனால் பிள்ளைகளே, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மூன்று வேலை செய்யுங்கள்.

ஒன்று, கார்டு கம்பெனிக்குப் போன் செய்து, போகும் நாடு, வண்டி வகை, நாட்கள் மூன்றையும் சொல்லி, காப்பு உண்டா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டு, சொந்தப் பாலிசி இருந்தால் அதன் பொறுப்புக் காப்பீடு வாடகை காருக்கும் வருமா, எவ்வளவு வரை என்று பாருங்கள். பாலிசி இல்லாதவர்கள், கவுன்டரில் எஸ்.எல்.ஐ. என்று தனியாக விற்கும் துணைப் பொறுப்புக் காப்பீட்டை எடுங்கள். அடிக்கடி வாடகைக்கு எடுப்பவர்களுக்கு, கார் இல்லாதவர்களுக்கென்றே உள்ள பாலிசியும் கிடைக்கிறது. சி.டி.டபிள்யூ.வும் எஸ்.எல்.ஐ.யும் வேறு வேறு. முதலாவதை மறுத்துவிட்டு இரண்டாவதை மட்டும் எடுக்கலாம்.

மூன்று, ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்குப் பயண மருத்துவக் காப்பீடு தனியாக எடுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் ஆஸ்பத்திரிச் செலவைக் கார்டின் கார் சலுகை தராது.

கவுன்டரில் வரிசையில் நிற்கும்போது, தூக்கக் கலக்கத்தில், குழந்தை அழும்போது எடுக்கிற முடிவு அல்ல இது. வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எடுங்கள். அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளின் வாட்ஸாப் குழுக்களில் இதைப் பகிருங்கள். உங்கள் மாநிலத்தில் விதி வேறாக இருந்தால் கீழே எழுதுங்கள், எல்லோருக்கும் பயன்படும்.

எல்லோரும் நலமாகப் போய் நலமாகத் திரும்புங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்