பயம் யாருடையது? – ஒரு திகில் வாசகனின் குறிப்புகள்

அக்கா பையன் லீவுக்குத் திருவாரூர் வந்திருந்தான். ஸ்டீபன் கிங் புத்தகம் ஒன்றை மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஊஞ்சலில் படுத்திருந்தவன், "மாமா, தமிழ்ல இந்த மாதிரி உருப்படியா ஒரு திகில் நாவல் இருந்தா சொல்லுங்களேன்" என்றான். நாற்பது வருஷமாக துப்பறியும் கதை, பேய்க் கதை என்று ஒன்று விடாமல் மேய்ந்தவன் நான். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. அப்போது சொல்லாமல் விட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். இது ரசனைப் பட்டியல் இல்லை. எங்க தஞ்சைச் சீமையில் யார் எதற்குப் பயந்தார்கள் என்பதைத் தேடிப் பார்த்த குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்க ஊரின் பழைய குற்றக் கதை மனுநீதிச் சோழன் கதைதான். பெரியபுராணம் சொல்லும் அந்தக் கதைக்கு, தியாகராஜர் கோயிலுக்குப் பக்கத்தில் கல் தேர் இன்னும் நிற்கிறது. இதில் துப்பறிவாளர் கிடையாது. குற்றவாளி இளவரசன் என்பது முதலிலேயே தெரியும். புகார் கொடுப்பது கன்றை இழந்த பசு. அது கொம்பால் மணியை அசைக்கிறது, அரசன் இறங்கி வருகிறான். மர்மமே இல்லாமல் ஒரு கதை இத்தனை நூற்றாண்டு நிற்கிறதே என்று சின்ன வயசில் எனக்கு ஆச்சரியம். அந்த மணியைப் பற்றிக் கடைசியில் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

நவீனக் கதைக்கு வருவோம். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். ஆக, தமிழ் நாவல் பிறந்ததே ஒரு காவிரிக்கரைக் கச்சேரிக்காரர் கையில். பதினைந்து வருஷம் கழித்து, 1894இல் பண்டித நடேச சாஸ்திரி 'தானவன்' என்ற போலீஸ் நிபுணனைக் கொண்டுவந்தார். அதன்பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி அய்யங்கார் என்று வரிசையாக வந்தார்கள். லண்டன் மர்மங்களை எழுதிக் குவித்த ரெயினால்ட்ஸ் இங்கே வேட்டி கட்டிக்கொண்டு நடமாடிய காலம் அது.

இவர்களில் வடுவூரார் எங்க பக்கத்து ஆள். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகிற வழியில், கோதண்டராமர் கோயிலும் பறவைகள் வரும் ஏரியும் உள்ள அதே வடுவூர். 1880இல் பிறந்தவர். தாசில்தார் வேலையை விட்டுவிட்டு எழுத வந்தார் என்கிறார்கள். 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்', 'மாயா விநோதப் பரதேசி', 'மருங்காபுரி மாயக்கொலை' என்று தலைப்பைப் பார்த்தாலே கை நீளும்.

எங்க அம்மாச்சி 'மேனகா'வை எடுத்தால் வீட்டில் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. அடுப்பில் பால் பொங்கினாலும் நாம்தான் ஓடணும். அவர் ஏன் அப்படி மூழ்கினார் என்பது எனக்கு முப்பது வயசுக்கு மேல் மறுபடி படித்தபோதுதான் புரிந்தது. கதையில் மேனகா தஞ்சாவூர் டிப்டி கலெக்டரின் மகள். புருஷன் வராகசாமி வக்கீல். அவனோடு பிறந்த பெருந்தேவியும் கோமதியும் அவளைப் படுத்தும் பாடு இருக்கிறதே, அதுதான் இந்த நாவலின் உண்மையான திகில். பின்னால் வருகிற கடத்தல், பொய்க் கடிதம், மாறுவேடம் எல்லாம் கூத்து. புகுந்த வீட்டுச் சமையலறையில் ஒரு பெண் காலடிச் சத்தம் கேட்டு நடுங்குவது கூத்தில்லை. அம்மாச்சிக்கு அந்தக் காலடிச் சத்தம் தெரியும்.

குறையையும் சொல்லிடறேன். வடுவூராருக்கு வாக்கியத்தை முடிக்கத் தெரியாது. ஒரு பெண் அறைக்குள் வந்தால் அவள் அழகை வர்ணித்து முடிப்பதற்குள் நமக்கு ஒரு காபி ஆறிவிடும். நடுநடுவே உபதேசம் வேறு. இன்னொன்று எனக்கு உறுத்துவது: பெண்ணை விலைக்கு வாங்கும் கெட்டவனுக்கு முஸ்லிம் பெயர். கூத்தாநல்லூர்க்காரர்களோடு சேர்ந்து படித்து வளர்ந்தவனுக்கு அந்தப் பக்கங்களைச் சுலபமாகத் தாண்ட முடியாது. ஆனால் மேனகாவைக் காப்பாற்றுபவளும் அவன் மனைவி நூர்ஜஹான்தான் என்பதையும் சேர்த்தே சொல்லணும். தப்பெண்ணமும் நியாயமும் ஒரே வீட்டுக்குள் குடியிருக்கிற நாவல் அது.

எம். கந்தசாமி முதலியார் நாடகமாக்கினார், டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்தார்கள், 1935இல் ராஜா சாண்டோ படமாகவும் எடுத்தார். என்.எஸ். கிருஷ்ணன் திரைக்கு வந்தது அந்தப் படத்தில்தான். 'கும்பகோணம் வக்கீல்' கதையை 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'திகம்பர சாமியார்' என்று எடுத்தது. எம்.என். நம்பியார் அதில் கதாநாயகன், வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுத் துப்பறிவார். அதே வருஷம் அதே கம்பெனி எடுத்த 'மந்திரி குமாரி'யில் அவர்தான் வில்லன் ராஜகுரு. அந்தப் படத்துக்கு வசனம் திருக்குவளைக்காரரான மு. கருணாநிதி. சேலத்தில் இருந்த ஒரு ஸ்டூடியோவுக்கு ஒரே வருஷத்தில் எங்க பக்கத்திலிருந்து ரெண்டு கதைக்காரர்கள்! வடுவூரார் அதைப் பார்க்க இல்லை. 1942லேயே இறந்துவிட்டார்.

ஜே.ஆர். ரங்கராஜுவின் நடை வடுவூராரை விடச் சுருக்கு. 'இராஜாம்பாள்' 1908இல் வந்தது. அவருடைய துப்பறியும் கோவிந்தன் வேலையை மட்டும் பார்ப்பார், உபதேசம் குறைவு. 'சந்திரகாந்தா' மடத்துச் சாமியார் ஒருவரைக் கிழித்துத் தோரணம் கட்டும் கதை. மடங்களுக்கு ஊர் ஊராக நிலம் இருந்த எங்க பக்கத்தில் அதைப் படித்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வரும். 1936இல் படமாக வந்தது. 1960இல் 'சவுக்கடி சந்திரகாந்தா' என்ற பேரிலும் ஒரு படம் வந்தது. அந்தச் 'சவுக்கடி' என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வந்தவர்களைப் பற்றிச் சுருக்கமாக. திருவிடைமருதூர் தேவனின் 'துப்பறியும் சாம்பு' இந்த வகை முழுவதையும் கேலி செய்தே அமரத்துவம் அடைந்தது. அசட்டுத்தனமே துப்பு துலக்கும் என்பது பெரிய கண்டுபிடிப்பு. சுஜாதா 1968இல் 'நைலான் கயிறு' எழுதியபோது தமிழ் மர்மக் கதை ஒரே ராத்திரியில் இளைத்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்தது. 'கொலையுதிர் காலம்' பேயா விஞ்ஞானமா என்று இழுத்த இழுப்பு அபாரம், விளக்கம் வந்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. ராஜேஷ்குமார் முதல் அத்தியாயத்தில் ராஜா, கடைசி அத்தியாயத்தில் ரயிலுக்கு நேரமாகிவிட்டவர். பட்டுக்கோட்டை பிரபாகரிடம் பரத், சுசீலா பேசிக்கொள்வதற்காகவே படிக்கலாம், கொலை எல்லாம் அப்புறம். பேரில் பட்டுக்கோட்டை இருக்கிறதே, கதைக்குள் ஒரு நாற்றங்காலாவது வருமா என்று தேடி ஏமாந்தவன் நான். இந்திரா சௌந்தர்ராஜன் ஒருத்தர்தான் கிராமத்துத் தெய்வத்துக்கு உண்டான பயத்தை மரியாதையோடு கையாண்டார். ஆனால் அவர் கருப்பு கடைசியில் கெட்டவனைத் தண்டித்துவிடும். படித்து முடித்தால் நிம்மதியாகத் தூங்கலாம். எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

என்னைத் தூங்கவிடாத பேய்க் கதை ஒன்றுதான், புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. மேரி ஷெல்லியின் நாவலைப் 'பிரேத மனிதன்' என்று தமிழில் கொண்டுவந்தவரும் அவரே. 'காஞ்சனை'யில் ஒன்றும் தீர்வதில்லை. வீட்டுக்குள் வந்தது என்ன என்பது சொல்பவனுக்கே தெரியாது. எங்க ஊர்ப்பக்கம் வாய்வழியாகச் சொல்லும் பேய்க் கதைகளும் அப்படித்தான். ராத்திரி வயலில் தெரியும் கொள்ளிவாய்ப் பிசாசு சேற்றிலிருந்து கிளம்பும் வாயு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு அப்புறமும் இருட்டில் வரப்பில் நடக்கக் கால் வராது.

இந்தப் பேய் விஷயத்தில்தான் என் வாசிப்பு ஒரு தடவை இடறி விழுந்தது. எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. கொட்டிலில் மாடு பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், எழுபது வயசு இருக்கும். நான் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிறேன். அட்டையில் மண்டையோடு போட்ட பேய் நாவல் ஒன்றை முடித்த ஜோரில், அவரிடம் கதையைச் சொல்லிட்டு, "உங்களுக்குப் பேய்னா பயமில்லையா?" என்று கேட்டேன். அவர் வைக்கோலை உதறிக்கொண்டே, "பேய் யாரைத் தம்பி அடிச்சிச்சு? எங்கப்பாவுக்கு முதுவெல்லாம் தழும்பு" என்றார். அவ்வளவுதான். எனக்கு அப்போது விளங்கவில்லை. இத்தனை வருஷம் பழகியும் அவர் எங்க வீட்டுத் திண்ணையில் ஏறியதே இல்லை என்பதையும் அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

விளங்கியது கல்லூரி நாட்களில், விவசாய இயக்க வரலாறு படித்தபோது. கீழத்தஞ்சையில் பண்ணையாள் தப்பு செய்தான் என்று மிராசுதார் நினைத்தால் தண்டனை ரெண்டு: சவுக்கடி, சாணிப்பால். சாணியைக் கரைத்து வாயில் ஊற்றிக் குடிக்க வைப்பது. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் ஊர் ஊராகச் சங்கம் கட்டினார்கள். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில்தான் இந்தத் தண்டனைகளை நிறுத்துவது என்று எழுத்தில் வந்தது. அடிக்கக் கூடாது என்பதற்கே ஒரு ஒப்பந்தம்! பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆயிற்று.

இப்போது பழைய நாவல்களைத் திரும்பப் பாருங்கள். கதையில் எழுத்து எழுத்தாகப் பயம் இருக்கிறது: உயிலை மாற்றிவிடுவார்களோ, வக்கீல் ஏமாற்றிவிடுவானோ, பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று. எல்லாம் சொத்து உள்ள வீட்டின் பயம். நாடகக் கொட்டகைக்காரர்களுக்குச் சவுக்கடி என்பது டிக்கெட் விற்கிற வார்த்தை. வயலில் அது முதுகுத் தழும்பு. வடுவூரிலிருந்து எட்டும் தூரத்திலேயே அது நடந்திருக்கிறது, ஆனால் அத்தனை மர்மக் கதையில் ஒன்றில்கூட ஒரு பண்ணையாளின் ராத்திரி வரவில்லை. வடுவூரார் மேல் மட்டும் குற்றம் சொல்லவில்லை. எழுதினவர்களும் வாங்கினவர்களும் கச்சேரி, கல்லூரி, திண்ணை உள்ளவர்கள். என் அம்மாச்சி, நான், எல்லாருமே.

1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒளிந்திருந்த குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். 'நைலான் கயிறு' வந்த அதே வருஷம். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலச்சுவான்தார்களை மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதி படைத்த, கார் வைத்திருக்கிற மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருந்ததைப் பலர் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு மர்ம நாவல் வாசகனாக இந்த இடத்தில்தான் எனக்கு வயிறு கலங்கும். இந்த வகை எழுத்து நமக்குக் கற்றுக்கொடுத்த பாலபாடமே, 'இவரா செய்திருப்பார்' என்று தோன்றுகிறவரை முதலில் சந்தேகி என்பதுதானே? 'கும்பகோணம் வக்கீல்' படித்த எங்க அம்மாச்சியே கௌரவமான ஆளை நம்பியிருக்க மாட்டார். கதையில் சந்தேகப்பட வைக்கிற அந்தஸ்து, கோர்ட்டில் நிரபராதி என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

வெண்மணி பற்றி நாவல்கள் வந்தன. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' சாகித்ய அகாடமி விருது பெற்றது. நடை கச்சிதம். ஆனால் மிராசுதாரின் கொடுமைக்கு அவன் ஆண்மைக் குறைவைக் காரணமாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அது துப்பறியும் கதையின் கடைசி அத்தியாய விளக்கம் மாதிரி: ஒரு ஆளின் ரகசியம் வெளிப்பட்டதும் ஊர் தப்பித்துவிடுகிறது. திருவாரூருக்குப் பக்கத்துக் காவனூர்க்காரர் சோலை சுந்தரபெருமாள் 1999இல் எழுதிய 'செந்நெல்' இலக்கிய மினுக்கு குறைந்த நாவல், சில இடம் இழுக்கும். முடிவும் நமக்கு முன்னாடியே தெரியும். தெரிந்தும் பக்கம் புரட்டப் புரட்டக் கை சில்லிடும். அந்தப் பேச்சுமொழி எனக்குக் கொட்டிலில் கேட்ட மொழி.

மர்மமில்லாத மனுநீதிக் கதை ஏன் நிற்கிறது என்ற பழைய கேள்விக்கு இப்போது ஒரு பதில் வைத்திருக்கிறேன். அதில் யார் செய்தது என்பது கேள்வியே இல்லை. மணிக்கயிறு பசுவுக்கு எட்டும் உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான் விஷயம். மாட்டுக்கு எட்டிய கயிறு அந்த மாட்டைப் பார்த்துக்கொண்டவருக்கு எட்டவில்லை.

அக்கா பையனிடம் ரெண்டு புத்தகம் எடுத்துக் கொடுத்தேன், 'மேனகா'வும் 'செந்நெல்'லும். 'மேனகா' படிக்கும்போது, "மாமா, இந்தப் பெருந்தேவியை யாருமே கேக்க மாட்டாங்களா?" என்று கத்திக்கொண்டே இருந்தான். வடுவூராருக்கு இன்னும் சக்தி இருக்கிறது. 'செந்நெல்' முடிந்த அன்றைக்குச் சத்தமில்லை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது, "வெண்மணி இங்கேருந்து எப்படிப் போகணும்?" என்று மட்டும் கேட்டான். காலையில் பைக்கை எடுத்தோம்.