மழை விட்டும் தோட்டத்துல தண்ணி நிக்குதா? இதைச் செய்ங்க!

மழை விட்டு ரெண்டு நாள் ஆச்சு. கொல்லைப்புறப் புல்தரையில் கால் வைத்தால் இன்னும் சொதசொதன்னு இருக்கா? உடனே ஒரு லோடு மணல் அடிச்சுடாதீங்க. களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால், மண் இன்னும் இறுகிப்போகும்.

முதல்ல ஒரு டெஸ்ட்!

மழை இல்லாத நாளில் ஒரு அடி ஆழக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு இன்ச்கூட இறங்கலைன்னா, பிரச்னை மண்ணில். நல்லா இறங்கினால், சரிவில்தான் கோளாறு.

மண்ணில் பிரச்னையா?

கடப்பாரையால் அரையடிக்கு ஒரு துளை போட்டு, மக்கிய தொழு உரத்தைத் தூவிக் கூட்டிவிடுங்கள். ஒரே மழையில் மாறாது. வருஷா வருஷம் செய்யணும்.

சரிவு சரியில்லையா?

வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு 3 இன்ச் தரை இறங்கணும். மொட்டைமாடித் தண்ணீர் பைப் புல்தரையில் கொட்டுதான்னும் பாருங்க.

அப்பவும் நிக்குதா?

ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, ஜல்லிக்கு நடுவே துளையிட்ட பி.வி.சி பைப் பதியுங்கள். அது முடியுமிடம், சுவரைவிட்டுத் தள்ளியிருக்கும் மழைநீர் சேகரிப்புக் குழியாக இருக்கட்டும். பாதாளச் சாக்கடையில் விடவே கூடாது.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அதுக்குள்ள தண்ணி வடியணும். பூந்தொட்டித் தட்டையும் கவிழ்த்துடுங்க!