ஒரு விசையும் தொண்ணூறு எழுத்தும்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கணினிச் சாமான் வாங்கப் போகாதவர் நம் சங்க அன்பர்களில் குறைவு. நானும் பழைய விசைப்பலகை ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அதில் ஆங்கில 'என்' விசை மட்டும் செத்துப்போயிருந்தது.

"தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கோங்க சார்" என்றார் கடைக்காரர்.

நான் தூக்கிப் போடாததற்குக் காரணம் அந்த விசையின் வரலாறு.

தமிழ்த் தட்டச்சுப்பொறியின் முன்னோடி, யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா. 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. எழுத்தை ஒலியாகப் பாராமல் வடிவத் துண்டுகளாகப் பிரித்ததே அதற்கு வழியாயிற்று. 'கொ' அடிக்க முதலில் கொம்பு, அடுத்து ககரம், கடைசியில் கால்.

கணினி வந்த பிறகும் இந்தக் கைப்பழக்கம் போகவில்லை. பாமினி எழுத்துருவில் கொம்பு உட்கார்ந்திருப்பது 'என்' விசையில்தான். ஷிப்டுடன் அழுத்தினால் இரட்டைக் கொம்பு. எ, ஏ, ஒ, ஓ, ஔ என்னும் ஐந்து வரிசைகளும் அதை நம்பியே இருக்கின்றன. பதினெட்டு மெய்க்கும் கணக்குப் பார்த்தால், ஒரு விசை போனால் 90 எழுத்து போச்சு!

அல்சூர்ப் பெரியவர்கள் சிலர் தாங்கள் இவ்வூருக்குப் பிழைக்க வந்த கதையைச் சொல்ல, 1990களில் பாமினியில் அடித்து வைத்தேன். சொன்னவர்கள் இன்று இல்லை. கோப்புகள் மட்டும் ஒரு விண்டோஸ் 98 கணினியில் இருக்கின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்னும் சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் தெரியும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டை ஒட்டி, ஒலியை அடிப்படையாகக் கொண்ட தமிழ்99 விசைப்பலகை வந்தது. ஒருங்குறியும் ஒலி முறைதான்: ககரம் முன்னே, உயிர்க்குறி பின்னே. கோப்புகளை அதற்கு மாற்ற மென்பொருள்கள் உண்டு. ஆனால் பாமினியில் ளகரத்துக்கும் ஔகாரக் குறியின் பின்பகுதிக்கும் ஒரே விசை. மென்பொருள் குழம்பி, 'வெளியே' என்பதை 'வௌியே' ஆக்கிவிடும். திருத்துவதற்கு மூலத்தைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படித்தாக வேண்டும். மூலக் கணினியிலோ பழைய வட்டச் சொருகிக்குத்தான் இடம்.

இதையெல்லாம் கேட்டதும் கடைக்காரர் பலகையைத் திருப்பிப் பார்த்தார். "இது தனித்தனி சுவிட்ச் வெச்சது சார், பொழைக்கும்" என்றார். யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக் விசையின் சுவிட்சைக் கழற்றி, 'என்' இருந்த இடத்தில் பற்றவைத்தார். வீட்டுக்கு வந்து அடித்துப் பார்த்த முதல் எழுத்து 'கொ'.

இப்போது தினம் ஒரு பக்கம் திருத்துகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய பிளாப்பி கிடக்கலாம். குப்பையில் போடுமுன், அதில் யார் பேச்சு இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.