பிறவி டிபியா போலிமூட்டு: சிகிச்சைக்குப் பிந்தைய நெடுங்கால விளைவுகள்

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள பெரிய எலும்பான டிபியா பிறவியிலேயே வளைந்திருந்து, முறிந்து, பிறகு ஒட்டாமலே நிற்கும் அரிய நோய் பிறவி டிபியா போலிமூட்டு. முறிந்த இடத்தில் எலும்புக்குப் பதில் நார்த்திசு நிரம்பிவிடுவதால், மூட்டே இல்லாத இடத்தில் கால் மூட்டுப்போல மடங்கும். ஏறத்தாழ 1,40,000 முதல் 2,50,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இது வருகிறது. இக்குழந்தைகளில் பாதிப்பேருக்கோ அதற்கும் மேற்பட்டோருக்கோ நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்னும் மரபணு நோயும் இருக்கும். அதற்குக் காரணமான மரபணு 17ஆம் குரோமோசோமில் உள்ளது.

வளைவு எந்தப் பக்கம் என்பது முக்கியம். முன்னும் வெளிப்புறமுமாகப் புடைத்த கால்தான் முறியும் அபாயம் கொண்டது. பின்னும் உட்புறமுமாக வளைந்த கால் பெரும்பாலும் தானாகவே நிமிர்ந்துவிடும்; நீளக் குறைவு மட்டும் மிஞ்சலாம். முன்வளைவை நிமிர்த்துவதற்காக, முறியாத எலும்பை வெட்டக்கூடாது. வெட்டிய இடமே போலிமூட்டாக மாறிவிடும். எலும்பு முறியாதிருக்கும்வரை காலுக்குக் காப்புக்கவசம் அணிவித்துப் பாதுகாப்பதே வழி.

எலும்பு ஒட்டாததற்கு முக்கியக் காரணம் அதைச் சுற்றிய உறை. நோயுற்ற உறை தடித்து, இறுகி, இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. எலும்பை அரிக்கும் செல்களும் அங்கே மிகுதி. ஆகவே மாவுக்கட்டு மட்டும் பயன்தராது. நோயுற்ற உறையையும் நாரையும் வெட்டி நீக்கி, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பை ஒட்டு வைத்து, மஜ்ஜைக் குழிக்குள் உலோகத் தண்டு செலுத்துவது ஒரு முறை. சோவியத் மருத்துவர் இலிசரோவ் உருவாக்கிய வளையச் சட்டம் இன்னொன்று. மறுகாலில் டிபியாவுக்கு அருகிலுள்ள மெல்லிய எலும்பான ஃபிபுலாவை இரத்தக் குழாய்களோடு எடுத்துப் பொருத்துவது மூன்றாவது. 2000இல் வெளியான ஐரோப்பியக் குழந்தை எலும்பியல் சங்கத்தின் பன்னாட்டு ஆய்வு, 13 நாடுகளின் 340 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தது. இலிசரோவ் முறையில் சுமார் 75 விழுக்காட்டினருக்கு எலும்பு ஒட்டியிருந்தது.

ஒட்டிய பின்

எக்ஸ்-ரேயில் எலும்பு ஒட்டியதைப் பார்த்ததும் குடும்பத்தார் நிம்மதியடைவது இயல்பு. ஆனால் அந்தப் படத்தை வைத்தே சிகிச்சை வென்றது என்று எழுதிவிடுவது, இந்நோயைப் பொறுத்தவரை, குழந்தைக்குச் செய்யும் அநியாயம். ஒட்டிய எலும்பு மெலிந்திருந்தாலோ வளைவு மிஞ்சியிருந்தாலோ மீண்டும் முறியும். வளர்ச்சி நிற்கும்வரை இந்த அச்சம் நீங்காது. அதன் பின்னரே, பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியில், அபாயம் குறைகிறது. ஐந்து வயதில் அறுவை செய்துகொண்ட சிறுமியின் உண்மையான முடிவு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கழித்தே தெரியும். மறுமுறிவு அச்சத்தாலேயே மருத்துவர்கள் பலர் உள்தண்டை எடுக்காமல் விடுகிறார்கள். குழந்தை வளர வளரத் தண்டு குட்டையாகிப்போவதால், அதை மாற்றவும் வேண்டியிருக்கும்.

மறுமுறிவைக் குறைக்க டிபியாவையும் ஃபிபுலாவையும் ஒரே எலும்பாக இணைத்து ஒட்டவைக்கும் முறை வந்துள்ளது. தென்கொரியாவின் சோய் குழு 2011இல் இதை விவரித்தது. அமெரிக்காவில் எலும்பியல் மருத்துவர் டிரோர் பேலி இதைப் பரவலாகக் கையாண்டார். தடித்த எலும்பு எளிதில் முறிவதில்லை என்ற முடிவுகள் நம்பிக்கை தருகின்றன.

கணுக்கால்தான் பெரியவர்களாகும்போது அதிகம் தொல்லை தருவது. ஃபிபுலாவும் ஒட்டாமலிருந்தால் பாதம் வெளிப்புறம் சாயும். தண்டு கணுக்கால் மூட்டைக் கடந்து செலுத்தப்பட்டிருந்தால் மூட்டு விறைத்துவிடும். சாய்வு தொடங்கும்போதே உட்கணுக்காலில் திருகு பொருத்தி, ஒரு பக்க வளர்ச்சியைக் கட்டுப்படுத்தலாம். ஃபிபுலாவைக் கொடுத்த மறுகாலிலும் இதே சாய்வு வரக்கூடும் என்பதால், நல்ல காலையும் பரிசோதிக்க வேண்டும்.

நீள வேறுபாடு ஏறக்குறைய எல்லாருக்கும் உண்டு. 2 செ.மீ. வரை காலணியை உயர்த்தினால் போதும். அதற்கு மேலானால், மறுகாலின் வளர்ச்சித் தட்டை உரிய வயதில் நிறுத்துவார்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால் முழங்காலுக்குக் கீழே, நோயுற்ற இடத்துக்குத் தள்ளி, எலும்பை வெட்டி மெல்ல நீட்டுவார்கள்.

காலை எடுப்பது

பல அறுவைகளுக்குப் பிறகும் எலும்பு ஒட்டாமல், பாதம் விறைத்து, குழந்தை ஊன்றி நடக்க முடியாமல் இருந்தால், கணுக்காலளவில் காலை எடுத்துச் செயற்கைக்கால் பொருத்துவது பேசப்பட வேண்டிய தெரிவு. இதைத் தோல்வி என்று சொல்லிப் பெற்றோரைக் குற்ற உணர்வில் தள்ளுவது சரியல்ல. குதிகால் தோலைக் காத்துக்கொள்ளும் சைம் முறையில் எஞ்சிய காலின் முனையிலேயே எடை தாங்க முடியும். எஞ்சிய போலிமூட்டைச் செயற்கைக்காலின் குழி இறுகப் பிடித்துக்கொள்வதால், அது ஒட்டாவிட்டாலும் நடக்கலாம். சிறு வயதில் இப்படிச் செய்துகொண்டவர்கள் ஓடியாடி விளையாடுவதுண்டு. பத்து முறை அறுவை மேசையில் படுத்த பின் அதே முடிவுக்கு வரும் சிறுவனுக்குப் பள்ளியும் விளையாட்டும் ஏற்கெனவே பறிபோயிருக்கும்.

நியூரோஃபைப்ரோமடோசிஸ் உள்ளவர்களுக்கு எலும்பியல் மருத்துவரின் கண்காணிப்பு முடிந்தாலும் மற்றவை தொடரும்: சிறுவயதில் கண் நரம்புக் கட்டிக்கான கண் பரிசோதனை, முதுகெலும்பு வளைவு, இரத்த அழுத்தம், வளர்ந்த பின் நரம்பு உறைக் கட்டிகள் புற்றாக மாறுகின்றனவா என்ற கவனிப்பு. நியூரோஃபைப்ரோமடோசிஸ் உடையவர் பெற்றோராகும்போது ஒவ்வொரு குழந்தைக்கும் அது கடத்தப்படும் வாய்ப்பு 50 விழுக்காடு. மரபணு ஆலோசனை திருமண வயதிலேயே கிடைக்க வேண்டும்.